அரை நூல்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கடைசி பெஞ்சில் தூங்கியவர்களையே நான் எழுப்பியதில்லை.

அண்ணனின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஜாக்கியில் நிற்கும் படத்தைப் போன மாதம் போட்டிருந்தேன். "வரலாற்று வாத்தியாருக்கு ஸ்டியரிங்கில் என்ன சார் வேலை?" என்று பலர் கேட்டீர்கள். 1987 செட் பையன் ஒருவன், "பானிபட் யுத்தம் மூன்றையும் ஒரே பீரியடில் முடித்தவர், ஸ்டியரிங்கை எத்தனை நாளில் முடிப்பார்?" என்று கிண்டல் வேறு. பதில்: 4 மாதம். அதுவும் வேலையைச் செய்தது நானில்லை. என்னிடம் படித்த ஒருவன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். போட்டால் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்களாம். நான் டார்ச் பிடித்தேன், நூல் பிடித்தேன், டீ வாங்கி வந்தேன். வேலை நடக்காத நாட்களில் ஸ்டியரிங்கின் கதையைத் தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. பின்பகுதியில் ஒரு சொந்த விஷயமும் வரும். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மாட்டு வண்டிக்கு ஏன் ஸ்டியரிங் இல்லை? மாடுதான் ஸ்டியரிங் என்பீர்கள். அது பாதி பதில். இரண்டே சக்கரம் என்பதுதான் மீதி. இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன. மாடு எந்தப் பக்கம் இழுத்தாலும் உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் வேகமாகவும் சுற்றி, வண்டி அந்தப் பக்கம் போய்விடும். நான்கு சக்கரம் என்றவுடன் தகராறு ஆரம்பம். முன் அச்சு திரும்பாவிட்டால் வண்டி நேராகத்தான் போவேன் என்று அடம் பிடிக்கும். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். வீதி முனையில் சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டு, வடத்தைத் திசை மாற்றி இழுத்து, அந்த மலையை வழுக்க வைத்துத்தான் திருப்புகிறார்கள். முட்டுக்கட்டை போடுபவருக்குத்தான் அங்கே ஸ்டியரிங் பிடித்தவர் என்று பெயர் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பாவின் நான்கு சக்கரக் குதிரை வண்டியில் வேறு வழி கண்டார்கள். முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரே ஆணியில் மாட்டி, குதிரை இழுக்கும் பக்கம் அச்சே சுழலும்படி வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் இப்படித்தான் ஓடியது. இதில் இரண்டு கஷ்டம். அச்சு சுழலும்போது ஒரு சக்கரம் வண்டியின் அடியில் போகும், அதனால் முன் சக்கரம் சின்னதாக இருக்க வேண்டும். சின்னச் சக்கரம் பள்ளத்தில் நன்றாக விழும். அதைவிடப் பெரிய கஷ்டம், அச்சு முழுவதும் திரும்பிய நிலையில் வண்டி ஏறக்குறைய முக்காலி மாதிரி ஆகிவிடும். வேகமாகத் திருப்பினால் குடை சாயும்.

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் எராஸ்மஸ் டார்வின் என்று ஒரு வைத்தியர் இருந்தார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா. நோயாளிகளைப் பார்க்கக் குண்டும் குழியுமான சாலைகளில் அலைந்த மனிதர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தன் வண்டிக்கு ஒரு மாற்றம் யோசித்தார்: அச்சைச் சுழற்றாதே, அது நிலையாக இருக்கட்டும், இரண்டு முனையிலும் சக்கரத்தை மட்டும் தனித்தனி ஆணியில் திருப்பு. அதைச் செய்து ஓட்டியும் பார்த்தார். ஆனால் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. வைத்தியருக்கு வண்டிப் பைத்தியம் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று நினைத்திருக்கலாம்; இது என் ஊகம். வண்டி சோதனைகள் அவரைச் சும்மா விடவும் இல்லை. 1768இல் தானே வடிவமைத்த வேறொரு வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு முழங்கால் சில்லு உடைந்தது. அதன் பிறகு கடைசி வரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் என்ற வண்டித் தச்சர் இதையே மறுபடி கண்டுபிடித்தார். பவேரிய அரண்மனைக்கு வண்டி செய்து கொடுத்தவர். டார்வின் செய்ததை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கிலாந்தில் இதைப் பதிவு செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். ஸ்ட்ராண்டு தெருவில் படங்களும் படப் புத்தகங்களும் போட்டு விற்றவர். இளமையில் குதிரைச் சேணம் தைக்கும் வேலை கற்று, வண்டிகளுக்கு வடிவம் வரைந்தவர். நெல்சன் தளபதியின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தவரும் அவரே. 1818இல் லாங்கென்ஷ்பெர்கரின் முகவராக ஆக்கர்மன் லண்டனில் காப்புரிமை பதிந்தார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் காகிதத்தில் இருந்தது அவர் பெயர். அன்று முதல் இன்று வரை உலகம் முழுக்க, பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் வரை, அது 'ஆக்கர்மன் ஸ்டியரிங்'. செய்த தச்சனைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். வரலாறு பெரும்பாலும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது என்று 34 வருஷம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?

அதன் கணக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். கார் திரும்பும்போது நான்கு சக்கரமும் நான்கு வட்டம் போடுகின்றன. நான்கு வட்டத்துக்கும் மையம் ஒன்றாக இருந்தால் எந்தச் சக்கரமும் தேயாமல் உருளும். உள் சக்கரத்தின் வட்டம் சின்னது, எனவே அது வெளிச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91½ அங்குலம், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் 48 அங்குலம். இந்த அளவுக்கு உள் சக்கரம் 30 டிகிரி திரும்பினால் வெளிச் சக்கரம் 24 டிகிரி திரும்பினால் போதும். இரண்டும் 30 என்றால் டயர் தரையில் உரசிக் கத்தும். இந்த வித்தியாசத்தைத் தானாகக் கொண்டு வர, சக்கரத்தைத் திருப்பும் இரண்டு கைகளையும் நேராக வைக்காமல் சாய்த்து வைக்கிறார்கள். அந்தக் கைகளின் வழியாகக் கோடு இழுத்தால் இரண்டும் பின் அச்சின் நடுவில் போய்ச் சேர வேண்டும். இந்த விதியைத் தெளிவாக்கியவர் பாரிஸ் வண்டித் தயாரிப்பாளர் ஷார்ல் ஜான்டோ, 1878இல். இது துல்லியமான கணக்கு அல்ல, நெருக்கமான கணக்கு. ஆனால் சாலைக்குப் போதும்.

குதிரை வண்டிக் காலத்தில் இந்த ஏற்பாடு பெரிதாகப் பரவவில்லை. குதிரையே அச்சைத் திருப்பிக் கொடுக்கும்போது எவன் இத்தனை மூட்டு வைத்து வண்டி செய்வான்? குதிரை போய் இயந்திரம் வந்த பிறகுதான் நிலைமை புரிந்தது. முன்னால் இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஒரு சக்கரம் கல்லில் மோதினால், நடு ஆணியில் சுழலும் அச்சு பாதி வண்டி அகலத்துக்கு நெம்புகோல் ஆகி, ஓட்டுபவர் கையை முறுக்கிவிடும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஆணி இருந்தால் அந்த நெம்புகோல் சாண் அளவுகூட இல்லை. பிரான்சில் அமேதே போலே 1873இல் செய்த நீராவி வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனியே திரும்பின. அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயருக்கு 'சொன்னபடி கேட்பவள்' என்று அர்த்தம். பெயரிலேயே ஸ்டியரிங் இருக்கிறது.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் காருக்கு மூன்றே சக்கரம் இருந்ததும் இதனால்தான். நான்கு சக்கரத்தைத் திருப்பும் வழி அவருக்குத் திருப்தியாக அமையவில்லை, முன்னால் ஒன்று போதும் என்று வைத்துவிட்டார். 1893இல்தான் தன் ஸ்டியரிங்குக்குக் காப்புரிமை வாங்கி நான்கு சக்கரத்துக்குப் போனார். அப்போதும் கையில் இருந்தது வட்டச் சக்கரம் அல்ல, படகின் சுக்கான் மாதிரி ஒரு பிடி. 1894இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தன் பனார் காரில் வட்டச் சக்கரம் பொருத்தி வந்தார். அதன் பிறகு சுக்கான் பிடி மெல்ல மறைந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1950களில் ஒரு புதிய சின்னக் கார் செய்ய நினைத்தது. கார் உடலை ஒரே துண்டாக அழுத்திக் கொடுத்து வந்த ஆலையைப் போட்டி நிறுவனம் 1953இல் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், அடியில் ஒரு தனி சட்டம், அதன்மேல் பல இடங்களில் செய்த தகடுகளை போல்ட் போட்டு மாட்டுவது என்று பழைய முறைக்கே போனார்கள். இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலொட்டி வடிவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. முன் மூடி மட்டும் தனியாகத் திறக்காது. முகம், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பார்க்கலாம். ஊர் பேசியது அதன் திருப்பத்தைத்தான். 25 அடி விட்டத்தில் ஒரு முழு வட்டம்! லண்டன் டாக்ஸிக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் உண்டு. சட்டம் தனியாக இருந்ததால், முன் சக்கரம் நன்றாக மடங்கித் திரும்ப இடம் கிடைத்தது. கட்டாயத்தால் செய்தது அனுகூலமாக முடிந்த கதை.

போல்ட் போட்டு மாட்டும் கார் என்பதால், பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதும் எளிது. சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்து வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் கார்களைத் தந்திருந்தது. 1961இல் ஹெரால்டைத் தொடங்கியது. லைசென்ஸ் காலம் அது. இந்தியாவில் கார் என்றால் கல்கத்தா அம்பாசடர், பம்பாய் பியட், மெட்ராஸ் ஹெரால்டு, அவ்வளவுதான். 1960களின் கடைசியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில்கூடக் கிடையாது, நம் மெட்ராஸ் சரக்கு. 1972இல் அதன் தொடர்ச்சியாகக் கஸெல் வந்தது, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980களின் கடைசியில் கார் உற்பத்தி நின்றது.

அந்த ஆலையில் 1964இல் என் அண்ணன் ஃபிட்டராகச் சேர்ந்தார். எனக்கு அப்போது 11 வயது. முன் சக்கரத் தொகுதியும் ஸ்டியரிங்கும் பூட்டும் பிரிவு. சாயங்காலம் வந்து கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டே, "இன்னிக்கு இத்தனை வண்டிக்குக் கை கொடுத்தேன்டா" என்பார். அவர் வைத்திருந்த வெள்ளை ஹெரால்டு 1969 மாடல், நான்கு கதவு. 1979இல் இரண்டாம் கையாக வாங்கினார். அது ஆலையை விட்டுப் போன வருஷம் அவர் அதே பிரிவில்தான் இருந்தார். ஒருவேளை நானே பூட்டிய ஸ்டியரிங்காக இருக்கும் என்று சொல்லிக்கொள்வார். நிரூபிக்க முடியாது; காரில் ஃபிட்டர் பெயரை யார் எழுதுகிறார்கள்?

இப்போது அந்த டிரன்னியன் விஷயம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பின் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அதாவது காரின் முன்பாரம் ஒரு திருகாணியின்மேல் உட்கார்ந்து சுழல்கிறது. அதற்குக் கியர் எண்ணெய் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் மேல் மரைக்கு ஏறாது, நாளடைவில் மெழுகாக இறுகிவிடும். தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், மரை அரிக்கும், ஒருநாள் இரும்பு முறியும். பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுக்கத் திருப்பும்போதுதான் முறியும், ஏனென்றால் அப்போதுதான் முறுக்கு அதிகம்.

1992இல் அண்ணன் மஸ்கட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போனார். காரை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு தகர எண்ணெய்க் கேன். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிரன்னியனுக்கு எண்ணெய். எவனையும் அங்க கிரீஸ் அடிக்க விடாதே" என்று என் தலையில் குட்டாத குறையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். 4 வருஷம்.

1996இல் அண்ணன் திரும்பி வந்தார். வந்த வாரமே அண்ணியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தெருமுனையில் திரும்பும்போது இடது முன் சக்கரம் மடங்கி உள்ளே போய்விட்டது. நடக்கிற வேகம்தான். ஆனாலும் அண்ணிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதில் சொன்னார்: "வந்ததும் கீழ படுத்துப் பார்த்திருக்கணும். பார்க்காம எடுத்தது என் தப்பு." நான் கேட்டபோது, "பழைய இரும்புடா, விடு" என்றார். வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி, கட்டைமேல் ஏற்றி, ஸ்டியரிங் ரேக்கைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்தார். பிறகு அவர் காரே ஓட்டவில்லை. சொந்தக்காரர்களிடையே, 'வண்டி ஃபேக்டரியில வேலை பார்த்தவரு, சொந்த வண்டியைக் கவனிக்கல' என்ற பேச்சு வருஷக்கணக்கில் ஓடியது. அதை நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்குக் காரணம் தெரியாது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி.

போன வருஷம் அண்ணன் காலமானார். அவர் பேரன் வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஷெட்டிலிருந்து பெட்டிகளை எடுத்து, மெக்கானிக் மாணவனின் மேசையில் பரப்பினோம். முறிந்த இடது பக்கச் சாமான் எண்ணெய் தோய்ந்த துணியில், 1996ஆம் வருஷப் பேப்பரில் சுற்றியிருந்தது. மரைக்குள் ஒரு பொட்டு அழுக்கில்லை. யாரோ பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். வலது பக்கம் காரிலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. அதைக் கழற்றியதும் உள்ளே மஞ்சள் மெழுகு மாதிரி கட்டியாக ஏதோ உதிர்ந்தது. மாணவன் விரலில் நசுக்கிப் பார்த்தான். "யாரோ கிரீஸ் அடிச்சிருக்காங்க சார். இதுக்கு எண்ணெய்தானே? தெரியாதவன் கையில குடுத்திருக்காங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. கழுவி வைத்த இடது பக்கத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றினேன். அண்ணனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

டிரன்னியன்கள் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன. இந்தக் கார்களுக்கு அங்கே இன்னும் சாமான் செய்கிறார்கள். இடத்துக்கு ஒரு மரை, வலத்துக்கு எதிர் மரை, மாற்றிப் போட்டால் ஏறாது. எண்ணெயை நானே ஊற்றினேன்.

பிறகு ரேக். பல் போட்ட ஒரு நீளக் கம்பி, அதைத் தள்ளும் ஒரு சின்னப் பல்சக்கரம், இரண்டும் ஒரு குழாய்க்குள். ஸ்டியரிங் சுழற்சியை இடவல ஓட்டமாக மாற்றும் எளிய ஏற்பாடு. சட்டத்தின்மேல் இரண்டு யூ-போல்ட்டும் ரப்பரும் அதைப் பிடிக்கின்றன. இந்த ரப்பரைச் சும்மா வைத்து முடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் யூ-போல்ட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி, ரப்பர் நசுங்கி, ரேக்கின் விளிம்புக்கும் பிடிக்கும் இடையே 1/8 அங்குலம் இருக்கும்போது முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரேக் நகரும், அப்புறம்தான் சக்கரம். 1/8 என்றதும் மாணவன், "ஒரு நூல் சார்" என்றான். எனக்குச் சட்டென்று அண்ணன் குரல் கேட்ட மாதிரி இருந்தது. தச்சர், கொத்தனார், ஃபிட்டர் எல்லோருக்கும் அங்குலத்துக்கு 8 நூல். கோவென்ட்ரியில் எழுதிய அளவு மெட்ராஸில் நூலாக மாறித்தான் வேலை செய்திருக்கிறது.

அடுத்தது நடு கண்டுபிடிப்பது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ரேக்கை ஓட்டி, எத்தனை சுற்று என்று எண்ணி, சரி பாதியில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில்தான் ஸ்டியரிங் சக்கரத்தை நேராக வைத்து ஸ்ப்ளைனில் இறக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை ஒரு பல் தள்ளி இறக்கிவிட்டோம். கார் நேராகப் போனால் சக்கரம் கோணி நிற்கும், சிலர் எழுதும் மார்ஜின் மாதிரி. கழற்றி மறுபடி போட்டோம். எல்லாம் முடிந்து ஹாரனை அழுத்தினால் சத்தமில்லை. மாணவன் அரை மணி நேரம் வயரை எல்லாம் பார்த்தான். ஸ்டியரிங் தண்டுக்கும் ரேக்குக்கும் நடுவில் ரப்பர் இணைப்பு ஒன்று இருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாதே! அதைத் தாண்ட ஒரு குட்டி எர்த் வயர் போட வேண்டும். அதை விட்டிருந்தோம். இதை மட்டும் நான்தான் கண்டுபிடித்தேன், பதிவில் இருக்கட்டும்.

கடைசியில் அலைன்மென்ட். கடைக்கு எடுத்துப் போனால் கம்ப்யூட்டரில் பார்த்துவிடுவார்கள். அண்ணன் முறையில்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் துளி உள்நோக்கிப் பார்க்க வேண்டும், டோ-இன் என்பார்கள். பின்சக்கர ஓட்டம் உள்ள வண்டியில், சாலை முன் சக்கரங்களைப் பின்னால் தள்ளி விரிக்கப் பார்க்கும். ரப்பர்களும் மூட்டுகளும் கொஞ்சம் இடம் கொடுக்கும். நிற்கும்போது லேசாக உள்நோக்கி வைத்தால் ஓடும்போது நேராகிவிடும். ஹெரால்டுக்குப் பூஜ்யத்திலிருந்து 1/16 அங்குலம் வரை. அரை நூல்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் தப்பாக வரும். சக்கரம் தொங்கிக் கோணியிருக்கும். முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, காரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அதன் பிறகுதான் அளவு. காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டினோம், கொத்தனார் சுவருக்குக் கட்டுவது போல. ரிம்மின் முன் விளிம்பில் ஓர் அளவு, பின் விளிம்பில் ஓர் அளவு. பிறகு சக்கரம் அரைச் சுற்று உருளும்படி தள்ளி, அதே புள்ளியை மறுபடி அளந்தோம். ரிம் கோணலாக இருந்தால் அந்தப் பிழை இதில் அடிபட்டுப் போகும். டை ராடை ஒரு பக்கம் மட்டும் திருகினால் கணக்கு நேராகும், ஸ்டியரிங் சக்கரம் மறுபடி கோணிவிடும். இரண்டு பக்கமும் சமமாகத் திருக வேண்டும். முதல் நாள் 2 நூல் வந்தது. இரண்டாம் நாள் ஒரு நூல். லாக் நட்டை முடுக்கும்போது அது நகர்ந்து மறுபடி ஒன்றரை. மூன்றாம் நாள் மதியம் அரை நூலில் நின்றது. நூலைக் கடைசியாகப் பிடித்திருந்தது பேரன். அவன் கை நடுங்கவில்லை. என் கை நடுங்கியது, வயதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை அண்ணி வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தோம். ஏற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திண்ணையில் உட்கார்ந்து, 1992லிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். கிரீஸ் அடிக்கச் சொன்னது நான், அண்ணன் தலையில் போனது என் தப்பு என்று.

அண்ணி இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "தெரியும் தம்பி. வண்டிய நீங்க திருப்பிக் குடுத்தப்ப எண்ணெய்க் கேனையும் குடுத்தீங்களே, நான்தானே வாங்கி அலமாரியில வச்சேன். கொண்டு போனப்ப இருந்த மாதிரியே நிறைஞ்சிருந்துச்சு."

"அப்பவே ஏன் கேட்கல அண்ணி?"

"உங்க அண்ணன் கேட்க வேணாம்னுட்டாரு. பள்ளிக்கூடத்துல நாலு பிள்ளைங்க மதிக்கிற ஆளு, விடுன்னாரு."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அண்ணி எழுந்து போய், புடவை மாற்றிக்கொண்டு வந்து, முன் சீட்டில் உட்கார்ந்தார். பேரன் ஓட்டினான், நான் பின்னால். அந்தத் தெருமுனையில், நேரே போகலாம் என்று நான் சொல்வதற்குள் அவன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டான். ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வளைவில் வண்டி திரும்பி வந்த வழியே நின்றது. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணி கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை திருப்புடா" என்றார்.

அடுத்த எண்ணெய் ஆறு மாதம் கழித்து. காலண்டரில் குறித்திருக்கிறேன், பேரனுக்கும் மாணவனுக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தகரக் கேனில் இருந்த எண்ணெய் பழையதாகிவிட்டது, புதிது வாங்கிக் கேனை நிரப்பி வைத்தாயிற்று.

ஒரு வேண்டுகோள். இடது பின் சக்கரத்தின் தட்டு மூடி மட்டும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா ஷெட்டில் ஹெரால்டு அல்லது கஸெல் சாமான் ஏதாவது கிடந்தால் எனக்கு எழுதுங்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்தப் பிரிவு, எந்த வருஷம் என்று கீழே கமென்டில் போடுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.